இலையுதிர் கால வெயிலும் பழைய சாமானும்: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

பழைய பொருள் மேல ஆசை வச்சவங்ககிட்ட வருஷத்துல எந்த மாசம் பிடிக்கும்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. எனக்கு இலையுதிர் காலம்தான், அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. இலை மஞ்சளாகி செவப்பாகி விழுறது அழகுதான், ஆனா நான் காத்துக்கிட்டு இருக்கிறது அந்த வெயிலுக்கு. கோடைல சூரியன் உச்சிக்கு மேல நிக்கும், வெளிச்சம் கொட்டும், பார்க்கிற பரப்பெல்லாம் வழவழன்னு தட்டையா தெரியும். இலை உதிர ஆரம்பிச்சதும் வெயில் சாய்ஞ்சு ஜன்னல் வழியா நீளமா உள்ள வரும் பாருங்க, அது ஒரு பழைய மேஜை மேல பக்கவாட்டுல படுற அந்த அரை மணி நேரத்துல, அதுவரைக்கும் கண்ணுக்கே தெரியாத இழைப்புளி ஓடின தடம், யாரோ பேனாவை அழுத்தி எழுதினதுல விழுந்த கோடு, எப்பவோ ஒட்டுப் போட்ட இடம், எல்லாம் நிழல் நிழலா எழும்பி வரும். மியூசியத்துல ஓவியத்தை ஆராய்றவங்க லைட்டை வேணும்னே பக்கத்துல தாழ்த்தி வச்சு இதையேதான் செய்றாங்க. நமக்கு சூரியனே அதை செஞ்சு கொடுக்குது, தினமும், காசில்லாம.

இதை எனக்கு சொல்லிக் கொடுத்தது ஒரு பழைய சாமான் சந்தைல பார்த்த பெரியவர். சாயங்காலம், கடையெல்லாம் எடுத்து வைக்கிற நேரம், நான் ஒரு எழுத்து மேஜையோட மேல்பலகையைத் தடவிக்கிட்டு நின்னேன். அவர் வந்து, "தம்பி, மேல என்ன பார்க்கிறீங்க, மேல யார் வேணா பாலிஷ் போடலாம்"னு சொல்லிட்டு டிராயரை முழுசா வெளிய இழுத்து, கவுத்து, அடிப்பலகையை வெயில் பக்கம் சாய்ச்சுக் காட்டினார். அப்படியே அசந்து போயிட்டேன். பலகை முழுக்க மெல்லிசா குழி குழியா அலை மாதிரி ஓடுது. கைல இழைச்ச தச்சர், வெளிய தெரியாத இடம்தானேன்னு கடைசி இழைப்பு இழைக்காம விட்டது. "விரலை குறுக்க ஓட்டிப் பாருங்க"ன்னார். ஓட்டினேன், ஒவ்வொரு குழியும் விரல் நுனியில ஏறி இறங்குது. மிஷின்ல இழைச்ச பலகைல இது வராது, அதுல வந்தா ஒரே சீரா பொடிப் பொடி வரிதான் வரும்.

அப்புறம் அவர் விடல. டிராயர் மூலையில ரெண்டு பலகை கோத்துக்கிட்டு நிக்குமே, டவ்டெயில் மூட்டு, அதுல ஒவ்வொரு பல்லும் வேற வேற அகலம். கொஞ்சம் உத்துப் பார்த்தா பல்லு முடியற இடத்துல ஊசியால கீறின மாதிரி ஒரு அளவுக் கோடு, தச்சர் எங்க வெட்டணும்னு போட்டுக்கிட்டது, அழிக்காம அப்படியே விட்டிருக்கார். பின்பலகைல ரம்பத் தடம் நேர் கோடா இருந்துச்சு. "வில்லு மாதிரி வளைஞ்சு இருந்தா வட்ட ரம்பம், அது 1800க்கு அப்புறம்தான் மெல்ல மெல்லப் பரவிச்சு"ன்னார். ஸ்குரூ ஒண்ணைக் கழட்டிக் காட்டினார், தலையில வெட்டின பள்ளம் நடுவுல இல்ல, ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கு, நுனி கூர்மையே இல்ல, மொட்டை. கூர் நுனி வச்ச மிஷின் ஸ்குரூ 1840கள், 50கள்லதான் பரவலா வந்துச்சு. ஒரு ஸ்குரூவை மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ணக்கூடாது, பின்னால யாராவது மாத்தியிருப்பாங்க, ஆனா அடிப்பலகை, மூட்டு, ரம்பத் தடம், ஸ்குரூ நாலும் ஒரே கதையைச் சொன்னா நம்பலாம். நான் அந்த மேஜையை வாங்கல, வைக்க இடம் இல்ல, ஆனா அன்னிலேர்ந்து எந்த டிராயரைப் பார்த்தாலும் கவுத்துதான் பார்க்கிறேன்.

டிராயர்னதும் இன்னொண்ணு. ஈரக் காத்து அடிக்கிற மாசமெல்லாம் என் பழைய அலமாரியோட நடு டிராயர் முரண்டு பிடிக்கும், ரெண்டு கையாலயும் ஆட்டி ஆட்டி இழுக்கணும். காத்து காய்ஞ்சு குளிர ஆரம்பிச்சதும் ஒரு நாள் சும்மா இழுத்தா விர்ருன்னு வந்து நிக்கும். எனக்கு அதுதான் சீசன் வந்த அறிவிப்பு, காலண்டரெல்லாம் அப்புறம்தான். மரம் காத்துல இருக்கிற ஈரத்தை வாங்கி உப்பும், காய்ஞ்சா சுருங்கும், அதுவும் நார் ஓடுற திசைல ஏறக்குறைய ஒண்ணும் ஆகாது, குறுக்காதான் எல்லாம் நடக்கும். உங்ககிட்ட கெட்டி மரத்துல செஞ்ச ரொம்பப் பழைய வட்ட மேஜை இருந்தா டேப் எடுத்து நாரோட ஒரு தடவை, குறுக்க ஒரு தடவை அளந்து பாருங்க. குறுக்க கொஞ்சம் கம்மியா இருக்கும். தச்சர் வட்டமாதான் வெட்டினார், காலம்தான் அதைக் கொஞ்சம் முட்டை வடிவமா ஆக்கிடுச்சு. ரெண்டு பக்கமும் கச்சிதமா ஒரே அளவு வந்தா, அது நெசமாவே அவ்ளோ பழசான்னு ஒரு தடவை யோசிக்கலாம்.

சுவர் கடிகாரம் வச்சிருக்கிறவங்களுக்கு இந்த சீசன்ல வேற ஒரு விளையாட்டு இருக்கு. பெண்டுலம் கடிகாரம் 1656ல டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் கண்டுபிடிச்சதுலேர்ந்தே அதுக்கு ஒரே தொல்லை வெயிலும் குளிரும்தான். குளிர்ந்தா கம்பி சுருங்கும், பெண்டுலம் நீளம் குறையும், கடிகாரம் வேகமா ஓடும். இரும்புக் கம்பியா இருந்தா ஒரு டிகிரி செல்சியஸ் குறைஞ்சா நாளைக்கு அரை செகண்ட் கிட்ட முந்தும், பித்தளைன்னா இன்னும் அதிகம். அறை பத்து டிகிரி குளிர்ந்துடுச்சுன்னா மாசத்துக்கு ரெண்டரை நிமிஷம்! இதைச் சரி பண்ண 1721ல இங்கிலாந்துக் கடிகாரக்காரர் ஜார்ஜ் கிரஹாம் பெண்டுலத்துக்கு அடியில குண்டுக்குப் பதிலா பாதரசம் நிரப்பின ஜாடியைத் தொங்கவிட்டார், கம்பி கீழ நீண்டா பாதரசம் மேல ஏறி ஈடு கட்டிடும். கொஞ்ச வருஷத்துல இன்னொரு கடிகாரக்காரர் ஜான் ஹாரிசன் பித்தளைக் கம்பியும் இரும்புக் கம்பியும் மாத்தி மாத்தி வச்சு ஒரு சட்டம் மாதிரி செஞ்சு அதே வேலையை முடிச்சார். நம்ம வீட்டு கடிகாரத்துல இதெல்லாம் கிடையாது, அதனால குளிர் வந்ததும் குண்டுக்குக் கீழ இருக்கிற நட்டை அரைத் திருகு தளர்த்தி குண்டை ஒரு மயிரிழை இறக்கணும், ரெண்டு நாள் விட்டுப் பார்க்கணும், திரும்ப கால் திருகு. வாராவாரம் சாவி கொடுத்துட்டு ஸ்டூல் மேல நின்னுக்கிட்டே அதோட சத்தத்தைக் கேட்பேன், டிக்குக்கும் டாக்குக்கும் நடுவுல இடைவெளி சமமா இருக்கான்னு. எனக்கு இதுல கிடைக்கிற சந்தோஷத்தைச் சொன்னா வீட்டுல யாருக்கும் புரியறதில்ல, இங்க இருக்கிறவங்களுக்குப் புரியும்னு நினைக்கிறேன்.

சரி, நீங்க சொல்லுங்க.

———

அண்ணா, சாய்ஞ்ச வெயில்னு நீங்க எழுதினதும் எங்க வீட்டு புத்தக அலமாரி கண்ணாடிக் கதவுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. காலைல வெயில் அது வழியா போய் எதிர் சுவர்ல விழுறப்போ சுவர் முழுக்க தண்ணி அசையற மாதிரி நெளி நெளியா தெரியும், கண்ணாடியை நேரா பார்த்தா ஒண்ணுமே தெரியாது. மூணு கதவுல நெளியும், நாலாவது கதவுல சுத்தமா நெளியாது, அது பின்னால மாத்தினது போல. பில்கிங்டன் கம்பெனி உருக்கின தகரத்து மேல கண்ணாடியை மிதக்கவிட்டு செய்ற முறையை 1959ல அறிவிச்சதுக்கு அப்புறம்தான் சாதாரண ஜன்னல் கண்ணாடியும் இப்படி தட்டையா வர ஆரம்பிச்சது. கண்ணாடி காலப்போக்குல கீழ வழிஞ்சு ஓடும், அதான் நெளியுதுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, அது நெசமில்ல, ஊதிச் செஞ்சப்பவே வந்த நெளிவு அது.

நான் சொல்ல வந்தது வெள்ளி பத்தி. குளிர் வந்தா கம்பளி வெளிய வருதுல்ல, அதை வெள்ளிச் சாமானோட ஒரே பெட்டியில வைக்காதீங்க, கம்பளித் துணில சுத்தவே சுத்தாதீங்க. கம்பளில கந்தகம் இருக்கு, ரப்பர் பேண்ட்லயும் இருக்கு, வெள்ளி கறுக்கிறதே கந்தகத்தாலதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு பாட்டி பழைய வெள்ளி சிமிழ் ஒண்ணைக் காட்டினாங்க, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வச்சிருந்திருக்காங்க, ரப்பர் மக்கி எங்கயோ போயிடுச்சு, அது இருந்த இடம் மட்டும் கரி கோடா சுத்தி நிக்குது. ஆனா அந்தக் கோட்டோட ஓரத்தை லென்ஸ் வச்சுப் பார்த்தேன் பாருங்க, வெளியிலேர்ந்து உள்ள முதல்ல வெளிர் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா கலந்த நீலம், நடுவுல கறுப்பு. அந்தப் படலம் தடிக்கத் தடிக்க கலர் மாறும். அவ்ளோ அழகா இருந்துச்சு, தேய்க்கவே மனசு வரல.

பாலிஷ் போட்டுத் தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெள்ளி போகுதுன்னு மறக்காதீங்க. முலாம் பூசினதுன்னா சீக்கிரமே அடி உலோகம் எட்டிப் பார்க்கும். 1840ல எல்கிங்டன்ங்கிற இங்கிலாந்துக் கம்பெனி கரண்ட் வச்சு முலாம் பூசறதுக்கு காப்புரிமை வாங்கினதுக்கு முந்தின சாமானா இருந்தா, செம்புத் தகடு மேல வெள்ளித் தகட்டை ஒட்டி உருட்டின ஷெஃபீல்ட் பிளேட்டா இருக்கும், அதுல விளிம்புல செவப்பா செம்பு தெரிஞ்சா அதுவே ஒரு அடையாளம், அதை மறைக்கிறேன்னு மறுபடி முலாம் போட்டுடாதீங்க ப்ளீஸ்.

இன்னொண்ணு, ஈயத்துல செஞ்ச பொம்மை சிப்பாய் வச்சிருக்கிறவங்க அதை ஓக் மர டிராயர்ல பூட்டி வைக்காதீங்க. ஓக் மரத்துலேர்ந்து அசிட்டிக் ஆசிட் மெல்ல மெல்ல வெளிய வந்துக்கிட்டே இருக்கும், ஈயம் வெள்ளைப் பொடியா உதிர்ந்துடும், அந்தப் பொடி விஷம், கையில படக்கூடாது. பிரிட்டிஷ் மியூசியத்துல 1973ல ஆண்ட்ரூ ஆடின்னு ஒருத்தர் இதுக்காகவே ஒரு சோதனை கொண்டு வந்தார், ஷோகேஸுக்குள்ள போடப்போற துணியையோ மரத்தையோ வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோட குப்பியில மூடி 60 டிகிரில 28 நாள் வச்சுப் பார்க்கிறது. எந்தத் துண்டு கெடுதோ அந்த உலோகத்துக்கு அந்தத் துணி ஆகாது. இப்பவும் மியூசியங்கள்ல அதைத்தான் செய்றாங்க.

———

நான் பழைய புத்தகம் மட்டும்தான். இலைன்னு பேச்சு வந்ததால சொல்றேன்.

ஒரு தடித்த அகராதி வாங்கினேன், நடுவுல யாரோ ஒரு மேப்பிள் இலை வச்சு மூடியிருக்காங்க. இலை நரம்பு நரம்பா கெட்டியா இருக்கு, எடுத்தா நொறுங்கிடும். ஆனா அது கிடந்த ரெண்டு பக்கத்துலயும் இலையோட உருவம் பழுப்பா அச்சாகியிருக்கு, காம்பு, பல்லு பல்லா இருக்கிற ஓரம், எல்லாம் அப்படியே, ஒரு பக்கத்துல அழுத்தமா, எதிர்ப் பக்கத்துல மங்கலா. இலைல இருக்கிற அமிலம் காகிதத்துல இறங்கினதுதான் காரணம். பழைய நியூஸ்பேப்பர் கட்டிங் வச்ச பக்கத்துலயும் இதே மாதிரி செவ்வகமா ஒரு கறை இருக்கும் கவனிச்சுப் பாருங்க. அந்த இலையைத் தூக்கிப் போட மனசு வரல, ரெண்டு பக்கமும் அமிலமில்லாத டிஷ்யூ வச்சு அதே பக்கத்துலயே விட்டுட்டேன். வச்சவர் யாரு, எந்த மரத்தடியில பொறுக்கினார், எந்த வார்த்தையைத் தேடி அந்தப் பக்கத்துக்கு வந்தார்னு நினைச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன் ஒரு சாயங்காலம் முழுக்க.

புதுசா சேர்க்க ஆரம்பிக்கிறவங்க ஒரு விஷயத்துல குழம்பாதீங்க. 1700கள்ல அச்சான புத்தகம் வெள்ளையா திடமா இருக்கும், 1920ல அச்சானது பழுப்பாகி தொட்டா ஒடியும். பார்த்தா எது பழசுன்னே மாறித் தெரியும். பழைய காகிதம் கந்தல் துணி அரைச்சு செஞ்சது. மரத்தை அரைச்சு காகிதம் செய்ற வழியை 1840கள்ல கண்டுபிடிச்சாங்க, கூடவே படிகாரமும் பிசினும் கலந்தாங்க, அதுலேர்ந்து வர்ற அமிலம்தான் உள்ளேர்ந்தே காகிதத்தை அரிக்குது. பழுப்பா இருக்கிறது வயசுக்கு அடையாளம் இல்லங்க.

———

எல்லாரும் பகல் வெளிச்சம் பத்தி பேசுறீங்க, எனக்கு இந்த சீசன்ல பிடிச்சதே சீக்கிரம் இருட்டிடுறதுதான் 😊 சந்தை முடியறதுக்குள்ள இருட்டிடும், அப்போ பாக்கெட்லேர்ந்து யூவி டார்ச்சை, அதான் புற ஊதா வெளிச்சம் அடிக்கிற டார்ச்சை, எடுப்பேன். பழைய கண்ணாடிச் சாமான் தட்டு மேல ஒரு தடவை ஓட்டினா பத்து கிண்ணம் சும்மா இருக்கும், ஒண்ணு மட்டும் பளீர்னு பச்சையா எரியும். யுரேனியம் கண்ணாடி! முதல் தடவை பார்த்தப்போ என் பொண்ணு கையைத் தட்டிக் கத்திட்டா, கடைக்காரம்மாவும் சேர்ந்து சிரிச்சாங்க, அவங்களுக்கே அது தெரியாது, டார்ச்சை வாங்கி மத்த தட்டெல்லாம் அவங்களே ஓட்டிப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. கடைசியில பக்கத்துக் கடைக்காரரும் வந்து நின்னுட்டார்.

1830கள்ல பொஹீமியால, அதாவது இப்போ செக் நாட்டுல இருக்கிற பகுதில, ரீடல் குடும்பத்துக்காரங்க இந்த மஞ்சள் பச்சைக் கண்ணாடியை செஞ்சு, அவங்க குடும்பத்து அன்னாவோட பேரையே அந்த ரெண்டு கலருக்கும் வச்சாங்க. அப்புறம் நிறைய நாட்டுல செஞ்சாங்க. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல யுரேனியத்தை அரசாங்கமே எடுத்துக்கிட்டதால அமெரிக்கால 1943லேர்ந்து 1958 வரைக்கும் கண்ணாடிக்குக் கிடைக்கல. மாங்கனீஸ் கலந்த கண்ணாடியும் கொஞ்சம் பச்சையா மின்னும், ஆனா மங்கலா இருக்கும், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தவங்களுக்கு சந்தேகமே வராது. ஷெல்ஃப்ல வச்சு அழகு பார்க்க பயமே வேண்டாம், கதிர்வீச்சு ரொம்பக் கம்மி, சாப்பிடக் குடிக்க மட்டும் அதைப் பயன்படுத்தாதீங்க.

ஒரு சந்தேகம். எங்க வீட்டுல ஹீட்டர் போட ஆரம்பிச்சாச்சு. பாட்டி கொடுத்த பெட்டி ஒண்ணு இருக்கு, மேல மெல்லிசா சீவின மரத் தகடு, அதான் வினீர், ஒட்டினது, ஒரு மூலை தூக்கிக்கிட்டு நிக்குது. கம் போட்டு ஒட்டிடலாமா?

———

அய்யோ வேண்டாங்க, கடைல விக்கிற சூப்பர் க்ளூ எதையும் அதுல விடாதீங்க. அதுக்கு அடியில இருக்கிறது அனேகமா வச்சிரப் பசை, மாட்டுத் தோல், எலும்பு காய்ச்சி எடுத்தது. அதோட பெரிய குணமே சூடும் ஈரமும் கொடுத்தா மறுபடி இளகும், அதனாலதான் அந்தக் காலத்து மூட்டை உடைக்காம பிரிச்சு, திரும்ப சேர்க்க முடியுது. புது பசை உள்ள போயிட்டா அதுக்கு மேல வச்சிரம் ஒட்டாது, பின்னால வேலை பார்க்கிற தச்சருக்கு அதைச் சுரண்டறதே பெரிய வேலை ஆயிடும். இப்போதைக்கு தூக்கின மூலைல துணி மாட்டி பிய்ச்சுக்கிட்டு வராம ஒரு மெல்லிய டிஷ்யூவை மேல வச்சு காட்டன் நாடாவால லேசா கட்டி வைங்க, செல்லோடேப் மட்டும் ஒட்டாதீங்க, எடுக்கிறப்போ பாலிஷையும் சேர்த்து உரிச்சிடும். பழைய மரச்சாமான் ரிப்பேர் பண்றவங்க யாராவது வச்சிரம் வச்சு வேலை பார்ப்பாங்களான்னு கேட்டு அவங்ககிட்ட கொடுங்க.

ஹீட்டர்தான் காரணம். வெளிய இருக்கிற குளிர் காத்துல ஈரம் கம்மி, அதை உள்ள சூடாக்கினா ஈரப்பதம் இன்னும் தடால்னு இறங்கும். அடிப்பலகை குறுக்க சுருங்கும், மேல ஒட்டின வினீர் அதோட நார் வேற திசைல ஓடுறதால கூடவே சுருங்காது, அதான் மூலை தூக்குது. ஈரப்பதம் காட்டுற சின்ன ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்கி பெட்டி பக்கத்துல வைங்க, 40லேர்ந்து 60 சதவீதத்துக்குள்ள இருந்தா மரத்துக்கு நல்லது, அந்த எண்ணை விடவும் அது ஒரே நாள்ல ஏறி இறங்காம இருக்கிறது முக்கியம். ஹீட்டருக்குப் பக்கத்து சுவர்ல பெட்டி இருந்தா இன்னிக்கே நகர்த்திடுங்க. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு கை போற அளவு இடம் விடுங்க.

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வைக்கிற ஊர்ல இருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை, மணி அடிக்கிற பழைய கடிகாரத்தோட முள்ளைப் பின்னால திருப்பாதீங்க, மணி அடிக்கிற பாகம் சிக்கிக்கும். பெண்டுலத்தைப் பிடிச்சு நிறுத்துங்க, ஒரு மணி நேரம் கழிச்சு தட்டி விடுங்க, அவ்ளோதான். அப்புறம் அந்த யூவி டார்ச் எந்த வகைன்னு எழுதுங்க, அலைநீளம் 365 நானோமீட்டரா 395ஆ? எனக்கும் ஒண்ணு வாங்கணும்.